மீன் தண்ணீர் ரோட்டில் பிரேக் பழகியது

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தேழாவது வயதில். அந்த வயதில் எங்கள் ராமநாதபுரத்தில் ஆண்கள் பொதுவாகக் கற்றுக்கொள்வது சர்க்கரை போடாமல் காபி குடிப்பதை. நான் இரண்டையும் ஒரே வருடத்தில் கற்றுக்கொண்டேன். இரண்டிலுமே நான் சுமார்தான் என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

அவளும் என்னோடுதான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நானோ, தேர்வில் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னபோது ஊன்றியிருந்த கம்பைச் சாய்த்துவிட்டு, இன்னொரு நாள் வரும்படி அனுப்பப்பட்டவன். ஆனாலும் கார் வீட்டுக்கு வந்த அன்று நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் கூடிப் பேசி அப்படி முடிவெடுக்கவில்லை. அதன்பிறகு வருடக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவளுடைய லைசென்ஸ் பீரோவுக்குள் கல்யாணப் புடவையோடு பத்திரமாக இருந்தது.

போன வருட மழைக்காலத்தில் பாம்பனில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் கடற்கரை ரோடுகளுக்கு ஒரு குணம் உண்டு. மீன் ஏற்றிப் போகும் வண்டிகள் ஐஸ் உருகிய தண்ணீரை வழிநெடுக ஒழுகவிட்டுக்கொண்டே போகும். அதில் செதிலும் மீன் எண்ணெயும் கலந்திருக்கும். காய்ந்து கிடந்தால் நாற்றத்தோடு போயிற்று. அதன்மேல் லேசாகத் தூறல் விழுந்தால் ரோடு முழுக்க விளக்கெண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும். நான் ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். கார் அரைவட்டம் அடித்து, வந்த திசையையே பார்த்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரோட்டோரத்தில் கருவாட்டுக் கடையைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "திரும்பிப் போகணும்னா மெதுவாத் திரும்பக் கூடாதாய்யா?"

நான் மீன் வண்டிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மனைவி அன்றிலிருந்து காரில் ஏறினால் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். ராமநாதபுரம் கடைத்தெருவுக்குள் மாட்டு வண்டி வேகத்தில் போகும்போதுகூட.

இந்த நிலைமையில்தான் மதுரையில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் உண்டானாள். ஏழாம் மாதம் அங்கே வளைகாப்பு, அன்றைக்கே பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். நாள் குறிக்கப் போயிருந்தபோது சம்பந்தி வீட்டுக் கூடத்தில், நாலு பேர் கேட்கும்படி, நான் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன்: "டிரைவர் எல்லாம் எதுக்கு? என் மகளை நானே ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்." சபையில் சொன்ன வார்த்தை. என்னைப் போன்ற பொருளாதாரப் பேராசிரியர்கள் சொல்லும் மற்ற வார்த்தைகளைப்போல இதை யாரும் மறந்துவிட மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தொடங்கினாள்.

"ஏங்க, அன்னைக்கு நல்ல டிரைவராப் பாத்து வண்டி பேசிருவோமா?"

"அப்ப நான் கெட்ட டிரைவரா?"

"நான் அப்படிச் சொல்லல. நல்ல டிரைவர்னுதான் சொன்னேன்."

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற எனக்குத் தோன்றிய வழி, காரை மாற்றுவது. மனிதனை மாற்றுவதைவிட அது சுலபம், தவணை வசதியும் உண்டு. புதுக் காரில் எல்லாம் எலக்ட்ரானிக். பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். சக்கரம் சும்மா சுற்றினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இழுத்துப் பிடிக்கும். வழுக்கினால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் நேராக்கும். கோட்டைத் தாண்டினால் கேமரா பார்த்துக் கூவும். கையேட்டை எழுதியவர்கள் குளிர்தேசத்துக்காரர்கள்போல. பக்கத்துக்குப் பக்கம் பனி பெய்த ரோட்டில் எப்படி ஓட்டுவது என்று படம் போட்டிருந்தார்கள். காரில் பனிக்கென்றே ஒரு பொத்தானும் இருந்தது. ராமநாதபுரத்தில் அதை எப்போது அழுத்துவது என்று நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். மீன் தண்ணீருக்குப் பொத்தான் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒருநாள் போனபோது, ரோட்டின் பாதியை அடைத்து மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். அந்தச் சிவப்பு விளிம்பைக் கோடு என்று நினைத்துக்கொண்டு கார் தானாக ஸ்டியரிங்கை இழுத்தது. பக்கத்தில் மனைவி கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கூட்டாளி உண்டு. தொண்டிப் பக்கத்து ஆள். ஊரில் எல்லோருக்கும் அவன் பாய், எனக்கு மட்டும் கூட்டாளி. வளைகுடாவில் ஒரு ரேஸ் டிராக்கில் பல வருடம் வேலை பார்த்தான். வழி தவறி மணலில் பாய்ந்த கார்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்ப்பது அவன் வேலை. திரும்பி வந்து பார்த்தால், குடும்பத்தில் யாரோ திருப்பாலைக்குடி போகும் வழியில் பிளாட் போட்டு, தார் ரோடு போட்டு, வாசலில் வளைவும் கட்டி, ஒரு பிளாட்கூட விற்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வீடு ஒன்றுமில்லை. மஞ்சள் அடித்த கல்லும் சுற்றிலும் கருவேலமும்தான். அந்த ரோடுகளைப் பார்த்ததும் இவனுக்கு யோசனை வந்துவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் காரைக் கொண்டுவந்து பாதுகாப்பாக ஓட்டிப் பார்க்க ஒரு டிராக் டே. முறைப்படி அனுமதி வாங்கி, ஆம்புலன்ஸ் நிறுத்தி, ஹெல்மெட் கொடுத்து நடத்தினான்.

"வாலே புரபசரே," என்றான். "கார் வாங்குனா போதுமா? அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் என்ன செய்யும், எப்பச் செய்யும்னு தெரியணும்ல? கல்யாணம் பண்ணுன மாதிரியே காரையும் வாங்கிப் போட்டுட்டா எப்படி?"

வளைகாப்புக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. நான் போனேன்.

காலையில் எங்களை நிற்கவைத்துப் பேசினான். "இங்கன போட்டி கெடையாது. ஒருத்தர ஒருத்தர் முந்தக் கூடாது. முந்தணும்னு ஆசை இருந்தா அதுக்குத்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கே. செருப்போட ஓட்டக் கூடாது, வெறுங்காலோடயும் ஓட்டக் கூடாது. ஷூ."

நான் ஆயுள் முழுக்க வெறுங்காலோடு ஓட்டியவன். எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான். காரில் ஏறும் முன் செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிடுவோம். கேட்டால், காலுக்குப் பிடி தெரிய வேண்டும் என்போம். சில மாதங்களாக எனக்கு அந்தப் பிடி கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. பஞ்சை மிதிப்பதுபோல. வயது என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டினால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே காரணம் போதும்.

முதலில் வளைவுகள். மீன் போடும் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து அவற்றுக்கு நடுவே நெளிந்து ஓட்டச் சொன்னான். டிராக்‌ஷனும் ஸ்டெபிலிட்டியும் வேலை செய்யும்போது ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கும். "அந்த லைட்டு எரிஞ்சா உன் திறமைன்னு நெனைக்காத. நீ விட்டத அது பிடிச்சிருக்குன்னு அர்த்தம்," என்றான். என் காரில் அது தீபாவளி சீரியல் செட் மாதிரி எரிந்தது. ஆனால் ஒரு பெட்டிகூடச் சாயவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. காரின் பெருமைதான். ஆனால் பெருமை யாருடையது என்று நெஞ்சு பார்ப்பதில்லை.

அடுத்தது பிரேக். ஒரு நீளமான நேர் ரோட்டில், திருப்பாலைக்குடியில் மீன் இறக்கும் இடத்திலிருந்து டிரம்மில் பிடித்துவந்த ஐஸ் தண்ணீரை ஊற்றிவைத்திருந்தான். என்னோடு வந்தவர்களில் பெரிய காரும் பெரிய குரலும் கொண்ட ஓர் இறால் பண்ணைக்காரர் இருந்தார். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏன் பாய், நல்ல தண்ணி ஊத்துனா ஆகாதா? வீட்டுக்குப் போனா ஊர்ப் பூனை பூரா என் வண்டியச் சுத்தி நிக்கும்."

"நிதம் இறாலுக்குள்ள நிக்கிற ஆளு நீங்க. உங்க தெருப் பூனைக்கு இது புதுசா? நம்ம ரோட்டுல பனியா பேயிது? வழுக்குனா இதுலதான வழுக்கப் போறீங்க."

பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "அந்தப் பெட்டிகிட்ட வந்ததும் ஒரே மிதி. முழுசா. நீ படிச்ச மாதிரி விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. அழுத்துனா அழுத்துனதுதான். பெடல் காலுக்குள்ள உதறும். உதறுனா பயந்து காலத் தூக்கிறாத. அது வேலை செய்யிதுன்னு உனக்குச் சொல்லுது. எல்லாரும் அங்கனதான் பயந்து விடுறாங்க. விட்டா கெட்டுச்சு."

இறால் பண்ணைக்காரர் முதலில் போனார். கார் கறகறவென்று சத்தம் போட்டு நேராக நின்றது. இறங்கும்போது கண்கள் விரிந்திருந்தன. "யாத்தே! கால்ல கரண்டு அடிச்ச மாதிரி டர்ர்ருனு வருது பாய். நான் ஏதோ ஒடஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

நான் போனேன். பெட்டி வந்தது, மிதித்தேன். கறகறவென்ற சத்தம் கேட்டது. சீட் பெல்ட் நெஞ்சை இறுக்கியது. கார் நின்றது.

"உதறுச்சா?" என்று கேட்டான்.

"உதறல."

"முழுசா மிதிக்கல. இன்னொரு வாட்டி போ."

போனேன். உதறவில்லை. மூன்றாவது முறையும் இல்லை. கார் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக நேரே நின்றது. எனக்குக் கோபம் வந்தது. "வண்டியில ஏதோ கோளாறு," என்றேன். "புது வண்டி, வாரண்டி இருக்கு. நாளைக்கே ஷோரூம்ல போயி கேக்கிறேன்." கல்லூரியில் கேள்வித்தாளைக் குறை சொல்லும் மாணவர்களின் அதே தொனி.

அவன் என்னைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டுத் தானே ஓட்டினான். மிதித்தான். "இந்தா உதறுதுல்ல? நல்லா ஜம்முனு உதறுது. உன் ஷூ அடி தடிச்சிருக்கும் போல. சரி, ஒரு தடவ கழட்டிட்டு மெதுவா ஓட்டிப் பாரு."

வெறுங்காலோடு போனேன். மிதித்தேன். சத்தம் வந்தது. முழங்காலில் ஏதோ லேசாக ஆடியது போலவும் இருந்தது. பாதத்தில் ஒன்றுமில்லை.

"இப்ப?"

"ம்ம், லேசா உதறுச்சு," என்றேன்.

முப்பது வருடமாக வகுப்பு எடுக்கிறவன் நான். புரிந்ததா என்று கேட்டால் கடைசி பெஞ்சு எப்படித் தலையாட்டும் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் ஆட்டினேன்.

மதியம் பந்தல் போட்டு ஜமுக்காளம் விரித்து பிரியாணி. ஷூக்களை ஓரமாகக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். கை கழுவும் டிரம்மை ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். எழுந்தவர்கள் யாருக்கும் எச்சில் கையோடு ஷூ மாட்டத் தோன்றவில்லை. எல்லோரும் அந்தத் தாரைத் தாண்டி ஓடினார்கள். இறால் பண்ணைக்காரர் அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு கோழி மாதிரி துள்ளினார். என் கூட்டாளி குதிகாலால் ஓடி டிரம்முக்குக் கீழே நனைந்திருந்த இடத்தில் போய் நின்றுகொண்டான். நான் அவனோடு பேசிக்கொண்டே நடந்து போய், நனைந்த இடத்தில் இடம் இல்லாததால் தாரிலேயே நின்று கை கழுவினேன்.

"சாரப் பாருங்கய்யா!" என்று கத்தினார் இறால் பண்ணைக்காரர். "அசையாம நிக்கிறாரு! வருசா வருசம் பூக்குழி எறங்குற ஆளா சார் நீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஏலே, சுடலையா உனக்கு?" என்றான் கூட்டாளி, அவனும் சிரித்துக்கொண்டே.

நான் குனிந்து என் பாதங்களைப் பார்த்தேன். உருகிய தாரில் பளபளவென்று வெயில். அதன்மேல் இரண்டு பாதங்கள். விரல்கள் எல்லாம் என்னுடைய விரல்கள்தான். பெருவிரல் நகத்தில் பழைய கீறல்கூட அப்படியே இருந்தது. ஆனால் அங்கே யாரோ நிற்பதுபோலவும் நான் மேலிருந்து எட்டிப் பார்ப்பதுபோலவும் இருந்தது. கையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அது குளிர்ந்தது நன்றாகத் தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிட்டு வளைவுகளை மறுபடி ஓட்ட வேண்டும். காரின் உதவி இல்லாமல் நாம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு. ஷூ மாட்டி, ஹெல்மெட் போட்டு, பெல்ட் போட்டு உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அணைந்துவிட்டதாகக் கார் எழுதிக் காட்டியது. எதை அணைத்தாலும் இந்தக் கார் அதை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிக் காட்டிவிடும். நாலு சக்கரத்திலும் உணர்கருவி வைத்து, எந்தச் சக்கரம் எப்போது வழுக்குகிறது என்று கண் இமைக்கும் முன் தகவல் சொல்லும். என் கால்கள் எனக்கு எந்த மாதம் தகவல் நிறுத்தின? எந்த விளக்கும் எரியவில்லையே. பாம்பன் வளைவில் நான் பிரேக்கை எவ்வளவு மிதித்தேன்? அன்றைக்கே எனக்குத் தெரியாமல் இருந்ததா? ஊர் ஊராக மீன் வண்டிகளைத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

பின் சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நினைப்பு வந்தது. நான் எஞ்சினை நிறுத்தினேன்.

கூட்டாளி ஜன்னலருகே வந்தான். "என்னலே?"

"நான் ஓட்டல."

"பயமா?"

"இல்ல. கால்ல எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. காலைல உதறுச்சுன்னு சும்மா சொன்னேன்."

அவன் கதவைத் திறந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் வலது ஷூவைக் கழற்றினான். "கண்ண மூடு." மூடினேன்.

"தெரியுதா?"

"எது?"

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"எப்ப?"

கண்ணைத் திறந்தேன். அவன் கையில் வீட்டுச் சாவி. அதன் முனை என் பாதத்தில் இரண்டு இடத்தில் நன்றாகக் குழி பதித்திருந்தது. அவன் முகத்தில் இருந்த கேலி முழுக்கப் போய்விட்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பார்க்கிறேன், அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"எறங்கி அந்தப் பக்கம் உக்காரு," என்றான். "நான் வீட்டுல கொண்டாந்து விடுறேன்." அடுத்த சுற்றை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு வந்து ஏறினான்.

தேவிபட்டினம் தாண்டியது. பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "அங்கன மண்ணுக்குள்ள போயிருந்த கார இழுக்கப் போவேன்ல. ஓட்டுனவன் எறங்குன ஒடனே டயரக் கொறை சொல்லுவான், பிரேக்கச் சொல்லுவான். அத்தன வருசத்துல ஒருத்தன்கூட நான்தான்னு சொன்னதில்ல."

"நானும் காலைல வாரண்டிதான் பேசுனேன்."

"பேசுன," என்றான். "மத்தியானம் சொல்லிட்டேல்ல."

வீட்டு வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டு மனைவி வந்தாள். ஓட்டும் இடத்திலிருந்து கூட்டாளி இறங்குவதைப் பார்த்ததும் அவள் கண் முதலில் காரின் முன்பக்கம் போனது, பிறகு என்மேல் வந்தது. "எங்கயும் இடிக்கல," என்றேன். அவன் காபிகூடக் குடிக்காமல் பஸ் பிடிக்கப் போய்விட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பெடுப்பதுபோல வரிசையாகச் சொன்னேன். குரல் ஆடாமல் இருக்க அந்த ஒரு வழிதான் எனக்குத் தெரியும்.

நான் அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவள் கீழே உட்கார்ந்து என் காலைத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலில் ஒரு கொப்புளம் தண்ணீர் கோத்து நின்றது.

"இது எப்பப் பட்டது?"

"மத்தியானம் தார்ல நின்னேன்."

"வலிக்கலையா?"

அவள் முந்தானையால் அந்தக் காலின் தூசியைத் துடைத்தாள். துடைப்பது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"வளைகாப்புக்கு வண்டி பேசிரலாம்," என்றேன். "நீ சொன்ன மாதிரி நல்ல டிரைவரா."

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். நெடுநேரம் எதையோ தேடினாள். பிறகு அங்கிருந்தே கேட்டாள்: "ஏங்க, இந்த லைசென்ஸ் இன்னும் செல்லுமா, பாத்துச் சொல்லுங்க."

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் இரும்பில் ஓர் இசைக்கவை வைத்திருந்தார். அதைத் தட்டி, அதிர்கிற காம்பை என் பெருவிரல் எலும்பில் வைத்து, "அதிர்வு நின்னதும் சொல்லுங்க," என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு அது ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தேன். "நின்னு ரொம்ப நேரம் ஆச்சு சார்," என்றார். கணுக்காலில் வைத்தபோதும் தெரியவில்லை. முழங்காலில் வைத்தபோது மட்டும் தெரிந்தது. சர்க்கரை, நரம்பு என்று விளக்கினார். அதிர்வை உணர்வதுதான் பலருக்கு முதலில் போகும் என்றார். வண்டி ஓட்ட வேண்டாம் என்பதை நான் கேட்கும் முன்பே சொன்னார். "இப்பவே வந்தது நல்லது," என்றும் சொன்னார். நல்லது என்ற சொல்லை மருத்துவர்கள் எந்த அர்த்தத்தில் பயன்படுத்துகிறார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் நாலைந்து வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். அதில் எவ்வளவு காலம் கால் என்னோடு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டிராக் டே இல்லாத நாளில், கூட்டாளி எங்களுக்காக அந்த ரோட்டைத் திறந்துவிட்டான். மறுபடி டிரம்மில் மீன் தண்ணீர். நான் ஓரத்தில், ஷூ போட்ட காலோடு, மஞ்சள் கல்மேல் உட்கார்ந்திருந்தேன். மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லூரிப் பெண்கள் போடுகிற மாதிரி ஒரு ஷூவும் போட்டுக்கொண்டு வந்தாள். ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது.

"தங்கச்சி, உதறும். பயந்துராதீங்க," என்றான் கூட்டாளி.

"சரிண்ணே."

முதல் தடவை அவள் பாதியில் காலை எடுத்துவிட்டாள். கார் கோணலாகச் சறுக்கி ஒரு பெட்டியைத் தள்ளியது. நான் எழுந்துவிட்டேன். "நீ உக்காருலே," என்று தூரத்திலிருந்தே அதட்டினான் அவன். அடுத்த தடவை கறகறவென்ற சத்தம் நீளமாக, முழுசாக வந்தது. கார் நேராக நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் இறங்கவில்லை. நான் நடந்து போய் ஜன்னலருகே நின்றேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"என்னது?"

"உதறுனது. எப்படி இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். அலுப்பாக, "உதறிச்சு, அவ்வளவுதான்," என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல் தேடினாள். "உசுரோட நண்டு காலுக்கடியில மாட்டிக்கிட்டா எப்படி இருக்கும்? அப்படி. அது நம்மள மேல தள்ளுது. நான் விடாம அமுக்கிக்கிட்டே இருந்தேன்."

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு. அதுக்காக விட முடியுமா?"

அதற்குப் பிறகு அவள் தினமும் காலையில் ஓட்டினாள். கல்லூரி வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போனாள். மாணவர்கள் முதல் இரண்டு நாள் சிரித்தார்கள், பிறகு வணக்கம் வைத்தார்கள். எனக்கு அல்ல, அவளுக்கு.

வளைகாப்பு அன்று சம்பந்தி வீட்டில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "என்ன சம்பந்தி, நீங்களே ஓட்டிட்டுப் போறேன்னீங்க, சம்பந்தியம்மால்ல ஓட்டிட்டு வந்தாங்க?" கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள். அன்றைக்கு இருந்த அதே நாலு பேர். சிரிப்பாக ஏதாவது சொல்லித் தப்பிக்க எனக்கு நன்றாக வரும். வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் மகள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கால் மரத்துப் போச்சு சம்பந்தி," என்றேன். "பிரேக் மிதிக்கிறது எனக்குத் தெரியல. இனிமே அவதான் ஓட்டுவா."

மகள் பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தாள். வயிறும் சேர்ந்து முட்டியது. "எப்பப்பா? ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள். "இப்பத்தாம்மா எனக்கே தெரியும்," என்றேன். அது உண்மைதான்.

சாயங்காலம் கிளம்பினோம். பின் சீட்டில் மகள், தலையணை வைத்துச் சாய்ந்து, மடியில் பூ மாலையோடு. முன்னால் நான். பரமக்குடி தாண்டியதும் தூறல் பிடித்தது. எதிரே கடற்கரையிலிருந்து மீன் வண்டிகள் ஒழுக ஒழுக மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தன. நாற்றம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது. மனைவி வேகத்தைக் குறைத்தாள். சொல்லிக்கொடுக்கலாமா என்று வாய் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வளைவு திரும்பியதும் ரோடு நிறைய ஆடுகள். வரிசையாகத் தாண்டிக்கொண்டிருந்தன. மழையில் தலைக்குச் சாக்கு போட்டிருந்த ஆட்டுக்காரர் கையைத் தூக்கினார். மனைவி மிதித்தாள். கறகறவென்று சத்தம் கிளம்பியது. முன்னால் மஞ்சள் விளக்கு மினுங்கியது. என் வலது முழங்கால் விறைத்து நின்றதைப் பார்த்துத்தான் நானும் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறேன் என்று அறிந்தேன். பாதம் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பின்னாலிருந்து, மகளின் இரண்டு கையிலும் முழங்கைவரை அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று நடுங்கின. கார் நிற்கும்வரை அந்த நடுக்கம் விடாமல் வந்தது. நடுவில் அறுபடவே இல்லை. அவள் காலை எடுக்கவில்லை.

கார் நேராக நின்றது. கடைசி ஆடு எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

"அது என்ன சத்தம்மா?" என்றாள் மகள்.

"பிரேக்தாண்டி. அப்படித்தான் உதறும், ஒண்ணுமில்ல," என்றாள் அவள் அம்மா. "வயித்துல பெல்ட் அமுத்துதா? கொஞ்சம் கீழ எறக்கிப் போட்டுக்க."

வளையல்கள் இன்னொரு முறை லேசாகச் சத்தமிட்டன. மனைவி கண்ணாடியைப் பார்த்து பெல்ட் சரியாகிவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு, வண்டியை எடுத்தாள்.